அமெரிக்க அதிபராக இருந்த ஆண்ட்ரூ ஜாக்சன் அந்நாட்டு தேசிய வங்கியை ஒழித்தது மக்களுக்காகவா, தன் அதிகாரத்துக்காகவா?

இரண்டுக்கும்தான். வங்கி மசோதாவை 1832-ல் அவர் வீட்டோ போட்டு, அதாவது அதிபரின் அதிகாரத்தால், தடுத்ததைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், விவகாரம் அடுத்த வருஷம்தான் தொடங்குகிறது.

ஜாக்சன் பக்கமும் நியாயம் இருந்தது. பெயர் 'இரண்டாம் அமெரிக்க வங்கி'. மூலதனத்தில் அரசாங்கத்தின் பங்கோ ஐந்தில் ஒன்று. மீதி தனியார் கையில். அரசாங்கப் பணம் வட்டியில்லாமல் அங்கே கிடந்தது. வங்கிக்காக வாதாடிய செனட்டர் டேனியல் வெப்ஸ்டர், தன் வக்கீல் கட்டணம் வழக்கம்போல் வந்து சேரவில்லையே என்று வங்கித் தலைவர் நிக்கோலஸ் பிடிலுக்கே கடிதம் போட்டார். யாருக்குத்தான் எரிச்சல் வராது?

வங்கி நடத்துவதற்கான உரிமம் 1836 வரை இருந்தது. தேர்தல் வருஷத்தில் ஜாக்சனை மடக்கலாம் என்று, அவரை எதிர்த்து அதிபர் தேர்தலில் நின்ற செனட்டர் ஹென்றி கிளே முன்கூட்டியே புதுப்பிப்பு மசோதாவை நிறைவேற்றவைத்தார். ஜாக்சன் வீட்டோ போட்டார். தேர்தலில், அதிபரைத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தேர்வாளர்களின் வாக்கில் 219-க்கு 49 என்று கிளே மண்ணைக் கவ்வினார். இதுவரை எல்லாம் சட்டப்படிதான்.

1833-ல் அரசாங்க டெபாசிட்டை அந்த வங்கியிலிருந்து எடுக்கச் சொன்னார் ஜாக்சன். வங்கியை உருவாக்கிய 1816 சட்டப்படி அந்த அதிகாரம் நிதியமைச்சருடையது. காரணத்தை அமெரிக்க காங்கிரசுக்குச் சொல்ல வேண்டியவரும் அவரே. அமைச்சர் வில்லியம் டுவேனுக்கும் அந்த வங்கியைப் பிடிக்காது. ஆனாலும் மாட்டேன் என்றார். ராஜினாமாவும் செய்யவில்லை. செப்டம்பரில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவர் இடத்துக்கு ரோஜர் டானி வந்தார், காரியம் முடிந்தது. புது வரவெல்லாம் மாநில வங்கிகளுக்குப் போக, பழைய இருப்பு செலவுக்கென்று எடுத்தெடுத்தே கரைந்தது.

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். "மேலே சொல்லிட்டாங்க, நீ கையெழுத்தைப் போடு" என்று ஃபைலை நீட்டும்போது வயிற்றில் புளி கரைவது எனக்குத் தெரியும். தணிக்கையில் மாட்டுவது கையெழுத்துப் போட்டவன்தானே! டுவேன் மறுத்ததும் அந்த இடத்தில்தான். ஜாக்சனின் பதில்: அமைச்சர்கள் எனக்குக் கட்டுப்பட்டவர்கள், நான் மக்களின் நேரடிப் பிரதிநிதி. வீட்டோவைவிட எனக்கு இதுதான் பயமாக இருக்கிறது.

1834 மார்ச்சில் செனட் 26-20 என்று அவர்மீது கண்டனத் தீர்மானம் போட்டது. நிதியமைச்சராக டானியின் நியமனத்தையும் பிறகு நிராகரித்தது. (அதே டானி 1836-ல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி!) 1837 ஜனவரியில் செனட் ஜாக்சன் ஆட்கள் கையில். பழைய கையெழுத்துக் குறிப்பேட்டை எடுத்துவந்து, கண்டனத் தீர்மானத்தைச் சுற்றிக் கறுப்பு மையில் கட்டம் கட்டி, 'செனட் உத்தரவுப்படி நீக்கப்பட்டது' என்று மேலேயே எழுதிவைத்தார்கள். வங்கியின் தேசிய உரிமம் அதற்கு முந்தைய வருஷமே முடிந்துபோயிருந்தது.