பதிவு பழையது, பகிர்ந்தது புதியது

கேள்வி: ஐயா, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். ஆலயத் திருவிழாக் கணக்கைத் தலைவர் காட்டவில்லை. அவரை ‘கோவில் காசைத் தின்ற திருடன்’ என்று 2024 அக்டோபரில் முகநூலில் எழுதினேன். பிறகு அவர் ஆட்கள் கூட்டத்தில் என் மனைவியை அவமானப்படுத்தினார்கள். 2025 மார்ச்சில் அதே பதிவைத் தோட்ட வாட்சாப் குழுவில் மறுபடி போட்டேன். இப்போது போலீஸ் வாக்குமூலத்துக்கு அழைக்கிறது. மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் ரிப்போர்ட்டை மீட்டுக்கொள்வதாகத் தலைவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கணக்கையும் கூட்டத்து அவமானத்தையும் ஒதுக்கி வையுங்கள். கணக்குக் கேட்க சங்கப் பதிவிலாகா இருக்கிறது. உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டியது அந்த மார்ச் மாதம்தான்.

1998-ஆம் ஆண்டு தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவில் (பிறரைத் துன்புறுத்த இணையத்தில் பொய்யான தகவல் போடுவது போன்றவற்றைக் குற்றமாக்கும் பிரிவு) செய்த திருத்தம் 2025 பிப்ரவரி 11-இல் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் அதிகபட்சம் 50,000 ரிங்கிட் அபராதம் அல்லது ஓராண்டுச் சிறை, இல்லையேல் இரண்டும். இப்போது 5 லட்சம் ரிங்கிட், இரண்டாண்டு. அக்டோபர் பதிவுக்குப் பழைய தண்டனைதான். பின்னால் வந்த கூடுதல் தண்டனையை அதன்மேல் ஏற்ற அரசியலமைப்பின் 7-ஆவது விதி விடாது. மார்ச்சில் போட்டது வேறு கதை. பழையதைத்தான் பகிர்ந்தேன் என்பது எடுபடாது. அனுப்பிய நாளில் இருந்த சட்டம் பேசும்.

உண்மையைத்தானே எழுதினேன் என்பீர்கள். கணக்குக் காட்டாததும் திருடியதும் ஒன்றா? கையில் ஆதாரம் இல்லையென்றால் ‘பொய்யான தகவல்’ என்பதிலேயே மாட்டுவீர்கள்.

சரி, அந்தக் கடிதம். இங்கேதான் என்னிடம் வருகிறவர்கள் விழுகிறார்கள். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, நாலு கமிட்டிக்காரர்கள் முன்னால், ‘நான் எழுதியது பொய், மன்னிக்கவும்’ என்று ஐ.சி. (அடையாள அட்டை) நம்பரோடு கையெழுத்துப் போடுவார்கள். தலைவரும் சொன்னபடி ஸ்டேஷனுக்குப் போவார். ஆனால் குற்றம் சாட்டுவதா என்பது அரசுத் தரப்பு வழக்கறிஞரின் முடிவு. தலைவர் வேண்டாம் என்றாலும் வழக்கு தானாக நின்றுவிடாது. உங்கள் கையெழுத்திட்ட கடிதமோ விசாரணை அதிகாரியின் ஃபைலுக்குள் போய்விடும். நாளை தலைவர் 1957-ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத்தின்கீழ் சிவில் வழக்குப் போட்டால் அங்கேயும் அதே காகிதம்தான் வரும்.

அப்புறம், அவசரப்பட்டு எதையும் அழிக்காதீர்கள். எதிர்த்தரப்பு ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்கும். போலீஸ் கூப்பிட்ட பிறகு அழித்தால் பார்வைக்கே அசிங்கம். தேதி தெரியப் படமெடுத்து வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு, அவர் சொல்லும்போது நீக்குங்கள். வாக்குமூலத்துக்கும் அவரைக் கேட்காமல் போகாதீர்கள். உங்களையே குற்றத்தில் மாட்டும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. போனில் பேசும் அதிகாரியிடம் கதை முழுக்கக் கொட்டுகிறவர்கள்தான் அதிகம்.

என் யோசனை: சமரசம் பண்ணுங்கள். வீம்பு வேண்டாம். ஆனால் வழக்கறிஞர் வழியாக. உடன்பாடு இப்படி: நீங்கள் பதிவை நீக்குவீர்கள், இனி எழுதமாட்டீர்கள். தலைவர் அவதூறு வழக்குப் போடமாட்டார், தமக்கு மேற்கொண்டு விருப்பமில்லை என்று விசாரணை அதிகாரிக்கு எழுதித் தருவார். ‘பொய்’, ‘தப்பு’ என்ற சொல் எதுவும் உங்கள் கையெழுத்துக்கு மேல் வரக்கூடாது. மேலே ‘வித்அவுட் பிரஜுடிஸ்’ (சமரசத்துக்காக எழுதியது, எனக்கு எதிரான ஆதாரமாக்கக் கூடாது) என்று போட்டால் போதும் என்பார்கள். சிவில் வழக்கில் உதவலாம், குற்றவழக்கில் அதை நம்பாதீர்கள். தலைவர் எழுதித் தரும் அந்தக் கடிதம் இருந்தால், வழக்குக்குப் போகாமல் கம்பவுண்டு அபராதத்தோடு முடிக்கக் கேட்டுப் பார்க்கலாம்.

அதுவரை தலைவரை நேரில் போய்ப் பார்க்காதீர்கள். மச்சானையும் அனுப்பாதீர்கள்.