இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய தாத்தாவின் ராணுவ ஆவணங்களை எப்படித் தேடுவது?

உங்கள் தாத்தா இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவில் இருந்தார் என்பதைத் தவிர வீட்டில் எவருக்கும் எதுவும் தெரியாது என்றும், அவர் நேதாஜியின் படையில் (இந்திய தேசிய ராணுவத்தில்) இருந்தவர் என்று உறவினர் சிலர் சொல்கிறார்கள் என்றும், ஆவணங்களைக் கொண்டு உண்மையை அறிய முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் தாய்வழித் தாத்தாவைப் பற்றி ஏறக்குறைய இதே கேள்வியோடு இரண்டரை ஆண்டுகள் தேடியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஓரளவுக்கு முடியும், ஆனால் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு முடியாது. 1939இல் ஏறக்குறைய 2 லட்சம் பேராக இருந்த இந்திய ராணுவம் போர் முடிவதற்குள் 25 லட்சமாகப் பெருகியது. அவர்களுள் எத்தனை முத்துசாமிகள், எத்தனை முனியாண்டிகள் இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ராணுவத்தின் காகிதங்கள் ஒரு மனிதரை அவருடைய எண்ணையும் பிரிவையும் கொண்டே அடையாளம் காண்கின்றன. ஆகையால் முதல் வேலை அந்த இரண்டையும் கண்டுபிடிப்பதுதான், அதுவும் எந்த அலுவலகத்துக்கும் எழுதுவதற்கு முன்பே, வீட்டுக்குள்.

எங்கள் வீட்டில் தாத்தாவின் தகரப் பெட்டியில் அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகம் கிடைத்தது. பிரிவின் பெயர் தெளிவாக இருந்தது. ஆனால் பூச்சி அரித்த ஓட்டை சரியாக ராணுவ எண்ணின் கடைசி இலக்கத்தின் மேல் விழுந்திருந்தது. எஞ்சியிருந்த வளைவைப் பார்த்து அது 8 என்று நானே முடிவு செய்துகொண்டு விண்ணப்பம் அனுப்பினேன். அந்த எண்ணுக்குரியவர் வேறு ஒருவர் என்று பதில் வந்தது. அவசரப்பட்ட பிழை என்னுடையது. சரியான இலக்கம் 3 என்பதைக் காட்டிக்கொடுத்தது, எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி கம்பியில் குத்தி வைத்திருந்த பழைய மணியார்டர் கூப்பன்களின் கட்டுதான். படைவீரர் வீட்டுக்கு அனுப்பிய பணத்தோடு வந்த அந்தத் துண்டுச் சீட்டுகளில் அனுப்புநரின் எண்ணும் பிரிவும் மங்கலாக ஆனாலும் முழுமையாக இருந்தன. உங்கள் வீட்டிலும் இத்தகைய கூப்பன்கள், கடித உறைகள், ஓய்வூதிய ஆணை ஆகியவற்றைத் தேடுங்கள். பதக்கம் இருந்தால் அதன் விளிம்பையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்; பெயர் பொறிக்கப்பட்ட பதக்கமாக இருந்தால் எண்ணும் அங்கேயே கிடைத்துவிடும். எதுவும் கிடைக்காவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குச் செல்லுங்கள். ஓய்வூதியம் பெறாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களுடைய விதவையருக்கும் தமிழ்நாடு அரசு மாத உதவித்தொகை வழங்கி வந்திருப்பதால், உங்கள் தாத்தாவோ பாட்டியோ அதற்கு விண்ணப்பித்திருந்தால் அந்தக் கோப்பில் எண் இருக்க வேண்டும்.

எண் கிடைத்த பிறகு யாருக்கு எழுதுவது என்பதில்தான் பலரும் வழிதவறுகிறார்கள். ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்துப் படை என்பதால் ஆவணமும் லண்டனில் இருக்கும் என்று நினைத்து அங்கே எழுதிக் காத்திருப்பவர்கள் இன்றும் உண்டு. பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சகம் 2022 முதல் லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றி வரும் பணி ஆவணங்கள் பிரிட்டிஷ் படையினருடையவை. இந்திய ராணுவ அதிகாரிகளைப் பற்றிய ஆவணங்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் தொகுப்பில் உண்டு என்றாலும், சிப்பாய், நாயக், ஹவில்தார் நிலையில் இருந்தவர்களின் தனிப்பட்ட ஏடுகளை அங்கே தேடுவதில் பயனில்லை. அவை அந்தந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்குரியவை. இன்றும் நம் நாட்டில்தான் அவற்றைக் கேட்க வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரியில் உள்ள வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் எனும் பொறியாளர் படை என்றால் பெங்களூர். கட்டுமான வேலைகளுக்கான பயனியர் படையும் பெங்களூரே. தகவல்தொடர்புப் படையான சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு. மருத்துவப் படை என்றால் லக்னோ.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். காலாட்படையை மனத்தில் வைத்துக்கொண்டே தேட வேண்டாம். பழைய மெட்ராஸ் காலாட்படைப் பட்டாளங்கள் 1920களில் கலைக்கப்பட்டு, போர்க்காலத்தில்தான் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் எழுப்பப்பட்டது. தமிழர் பலர் சாப்பராக, பயனியராக, லாரி ஓட்டுநராக, மருத்துவப் பணியாளராகவே சென்றார்கள். அது எவ்வகையிலும் குறைந்த பணியன்று: இத்தாலியின் மிஞ்ஞானோவில் 1944 பிப்ரவரி 24 அன்று உடனிருந்தவர்களைக் காப்பாற்றக் கண்ணிவெடியின் மேல் விழுந்து உயிர்விட்டு, ஜார்ஜ் கிராஸ் எனும் வீர விருது பெற்ற சுபேதார் சுப்பிரமணியன் மெட்ராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்தவர்தான். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகத் தாத்தா பீரங்கி சுட்டவர் என்றே பேச்சு. புத்தகத்தில் இருந்ததோ படைக்குப் பொருள் கொண்டுசெல்லும் ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர், தொழில் என்ற கட்டத்தில் டிரைவர். என் மாமாவுக்கு இன்றும் அதில் சற்று வருத்தம்.

ஆவண அலுவலகத்துக்கு எழுதும்போது எண், பெயர், தந்தையின் பெயர், ஊர், வட்டம், மாவட்டம், சேர்ந்த ஆண்டு, விடுவிக்கப்பட்ட ஆண்டு, உங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவுக்கான சான்று ஆகியவற்றை இணையுங்கள். ஊர்ப்பெயரை அக்காலத்து ஆங்கில வடிவத்திலும் கொடுப்பது நல்லது. திருநெல்வேலி டின்னவெல்லியாகவும், திருச்சி டிரிச்சினாபோலியாகவும், தஞ்சாவூர் டாஞ்சூராகவும் எழுதப்பட்ட காலம் அது. பெயரையும் மூன்று நான்கு எழுத்துக்கூட்டல்களில் எழுதிக் காட்டுங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்ற வரையறை துணைக்கு வரும். ஆனால் முழுக் கோப்பை எதிர்பார்க்காதீர்கள். ஓய்வூதியம் பெறாதவர்களின் பணி ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிட ராணுவ ஒழுங்குமுறைகளின் 595ஆம் பத்தி இடம் தருகிறது. போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்ட லட்சக்கணக்கானோர் ஓய்வூதியத்துக்கு வேண்டிய ஆண்டுகளை நிறைவு செய்யாதவர்கள். எஞ்சியிருப்பது பெரும்பாலும் லாங் ரோல் எனப்படும் பெரும் பேரேட்டில் ஒருவருக்கு ஒரு வரி. எனவே விண்ணப்பத்தில் ‘பணி ஆவணம்’ என்று மட்டும் கேட்காமல் ‘லாங் ரோல் பதிவின் நகல்’ என்றும் பெயர் சொல்லிக் கேளுங்கள். எனக்கு வந்த பதில் மூன்று வரிகள்தான்: சேர்ந்த நாள், விடுவிக்கப்பட்ட நாள், விடுவிப்பின் காரணம்.

மூன்று வரியோடு நின்றுவிடாமல் இருக்க உதவுவது பிரிவின் போர் நாட்குறிப்பு. போர்க்களத்தில் இருந்த ஒவ்வொரு பிரிவும் மாதந்தோறும் எழுதி மேலே அனுப்ப வேண்டியிருந்த அலுவல் நாட்குறிப்பு இது. இடம், தேதி, நேரம், நிகழ்ச்சிச் சுருக்கம் என்று அச்சிட்ட கட்டங்களில் ஓர் அதிகாரி எழுதியிருப்பார். பர்மா உள்ளிட்ட தென்கிழக்காசியப் போர்முனைக்குரியவை கியூ காப்பகத்தில் டபிள்யூ.ஓ. (வார் ஆபீஸ்) 172 என்ற வரிசையிலும், மத்திய கிழக்குக்குரியவை 169லும், இத்தாலிக்குரியவை 170லும் உள்ளன. பட்டியலை இணையத்தில் பிரிவின் பெயரிட்டுத் தேடலாம். அங்கே நேரில் செல்பவர்கள் இலவச வாசகர் சீட்டுப் பெற்றுத் தம் கேமராவிலேயே படமெடுத்துக்கொள்ளலாம். டெல்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் என்ற இணையதளத்திலும் தேடிப் பாருங்கள்.

நாட்குறிப்பில் தாத்தாவின் பெயரை எதிர்பார்த்துப் படித்தால் ஏமாற்றம்தான். அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு; மற்றவர்கள் ஐ.ஓ.ஆர். (இந்தியன் அதர் ரேங்க்ஸ்) என்ற சுருக்கத்தின்கீழ் வெறும் எண்ணிக்கை. இத்தனை பேர் மலேரியாவால் மருத்துவமனைக்கு, இத்தனை பேர் விடுப்பில், இத்தனை வண்டிகள் ஓட்டத்தில், இத்தனை பணிமனையில் என்று பக்கம் பக்கமாகப் போகும். ஆனாலும் தேதிகளை வரைபடத்தோடு வைத்துப் படித்தால் அது அவர் இருந்த இடங்களின் வரிசையாகிவிடும். தாத்தாவின் கம்பெனி 1944 கோடையில் திமாப்பூரில் இருந்தது. முற்றுகையில் இருந்த இம்பாலுக்குச் செல்லும் சாலை ஜூன் 22 அன்று 109ஆம் மைல்கல் அருகே திறக்கப்பட்டதும் அதன் லாரிகள் அந்த மலைச்சாலையில் நாள்தோறும் ஓடின. ஆண்டின் இறுதியில் பர்மாவின் கலேவாவில் சிந்த்வின் (Chindwin) ஆற்றைக் கடந்ததைக் குறிப்பு ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த நாளுக்குப் போய்விடுகிறது. அந்த இடத்தில் அப்போதுதான் கட்டி முடிக்கப்பட்டிருந்த 1,154 அடி நீளப் பெய்லி பாலம் (முன்பே செய்த இரும்புப் பாகங்களைப் பூட்டிக் கட்டும் ராணுவப் பாலம்) அக்காலத்தில் உலகிலேயே மிக நீளமான பெய்லி பாலம். மலைப்பாதையில் பேருந்து இறங்கும்போதெல்லாம் பயணியாக உட்கார்ந்திருக்கும் தாத்தா வலது காலைத் தரையில் ஊன்றி அழுத்துவார் என்று அம்மா சொல்வதுண்டு. மழையில் எத்தனை வண்டிகள் சாலையை விட்டுச் சரிந்தன என்று மாதாமாதம் எண்ணியிருக்கும் அந்தப் பக்கங்களைப் படித்தபோது எனக்கு அந்தக் கால்தான் நினைவுக்கு வந்தது.

ஒன்று சொல்ல வேண்டும்: பின்னிணைப்புகளை விட்டுவிடாதீர்கள். எனக்காகப் படமெடுத்த நண்பரிடம் நாட்குறிப்பு மட்டும் போதும் என்று சொல்லிவிட்டுப் பிறகு மறுபடியும் கெஞ்ச வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை வந்த படங்களில், விடுப்பில் செல்வோரின் பட்டியல் ஒன்றில், எழுத்துப்பிழையோடு ஒரு பெயரும் அதற்கு எதிரே 3இல் முடியும் அந்த எண்ணும் இருந்தன.

பதக்கங்களைச் சான்றாகக் கொள்ளும்போது அவற்றின் வரம்பையும் அறிந்திருக்க வேண்டும். கருநீல நாடாவின் நடுவே சிவப்புப் பட்டையும் இருபுறமும் ஆரஞ்சுக் கோடும் இருந்தால் அது பர்மா ஸ்டார். 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரை அந்தப் போர்முனையில் இருந்ததற்கானது. வார் மெடல் மட்டும் இருந்தால் போர்முனைக்குச் சென்றார் என்று சொல்ல முடியாது. 28 நாள் பணிக்கே அது உரியது.

பணியில் இறந்தவராக இருந்தால் தேடல் எளிது. காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியல் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையிலான இறப்புகளை உள்ளடக்குகிறது. பலருக்குத் தந்தை பெயரும் ஊரும்கூட இருக்கும். தனிக் கல்லறை இல்லை என்பதால் கைவிட வேண்டாம்: யாங்கோன் அருகே தௌக்கியான் கல்லறைத் தோட்டத்தில் உள்ள ரங்கூன் நினைவுச்சின்னத்தில் மட்டும் ஏறக்குறைய 27,000 பெயர்கள் உள்ளன, எரியூட்டப்பட்டவர்களுக்குத் தனி நினைவுச்சின்னங்களும் உண்டு.

இனி நேதாஜியின் படையைப் பற்றிய உங்கள் உறவினர் பேச்சு. இதில் முதலில் தீர்க்க வேண்டியது, அவர் இந்திய ராணுவத்திலிருந்து சிங்கப்பூரில் சிறைப்பட்டு அதில் சேர்ந்தவரா, அல்லது மலாயாவில் தோட்டத் தொழிலாளியாகவோ வேறு வேலையிலோ இருந்து சேர்ந்தவரா என்பதுதான். பின்னவர் என்றால் இந்திய ராணுவத்தின் எந்தப் பேரேட்டிலும் அவர் இருக்கமாட்டார், தேடுவது வீண். முன்னவர் என்றால், 1942 பிப்ரவரி 15க்குப் பின் போர்க்கைதி என்ற குறிப்பு இருக்கலாம். போருக்குப் பின் திரும்பியவர்களை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று வகைப்படுத்தி, கறுப்பு என்று குறிக்கப்பட்டவர்களைப் பதவிநீக்கம் செய்தார்கள் என்பதால், விடுவிப்புக் காரணம் என்ற கட்டத்தைக் கவனமாகப் பாருங்கள். பாதுகாப்பு அமைச்சகம் 1997இல் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைத்த இந்திய தேசிய ராணுவக் கோப்புகள் 990 இருக்கின்றன. அதற்கும் முன்பாக, உங்கள் பாட்டி எப்போதாவது தியாகி ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தாரா என்று வீட்டில் கேளுங்கள். விண்ணப்பித்திருந்தால், தாத்தா எந்த முகாமில் எப்போது இருந்தார் என்பதை உடனிருந்தவர்களின் சான்றோடு எழுதிக்கொடுத்த காகிதம் ஒன்று அந்தக் கோப்பில் இருக்கக்கூடும்.