பழைய கேமை ஏன் திரும்பச் செய்கிறார்கள்?

கேள்வி: டிவியில் கேசட் போட்டு ஆடிய கேம்களைச் சிலர் சொந்தமாகச் செய்து இலவசமாகத் தருகிறார்களே, ஏன்? பாம்பன் பாலத்தை வைத்து மரியோ மாதிரி செய்ய எனக்கும் ஆசை.
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: ஆடி முடித்தவருக்கு இன்னும் நாலு லெவல் வேண்டியிருக்கிறது. கேமும் தனியாளுக்கு அடங்கும் அளவுதான்: 1985இல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' மொத்தமே 40 கிலோபைட். ரசிகராகத் தொடங்கிய கிறிஸ்டியன் வைட்ஹெட், 2017இல் 'சோனிக்' கேம்களின் சொந்தக்கார நிறுவனமான சேகாவுக்காகவே 'சோனிக் மேனியா' செய்தார்.

கேம் செய்ய 'கோடோ' (Godot) என்ற இலவச மென்பொருள் போதும். திரை 256×240 புள்ளி, தரையை அடுக்கும் சதுரக் கட்டம் 16×16 புள்ளி. படம் வரையுமுன் சாம்பல் பெட்டிகளை வைத்துக் குதிப்பைச் சரிசெய்யுங்கள். அது சரியில்லாவிட்டால் எதுவும் சரியாகாது. பட்டனைச் சீக்கிரம் விட்டால் மேலேறும் வேகத்தைப் பாதியாக்குங்கள். விளிம்பைத் தாண்டிய பிறகும் 0.1 விநாடி குதிக்க விடுங்கள். சமதரையில் ஆள் தடுக்கி நின்றால், கட்டங்களின் இணைப்பில் சிக்குகிறான். ஆள் எதில் இடிக்கிறான் என்று கணக்கிடும் மோதல் வடிவத்தைச் செவ்வகத்திலிருந்து, மாத்திரை போல முனை உருண்ட கேப்சூலாக மாற்றுங்கள்.

2025இல் திறந்த புதுப் பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதி 72.5 மீட்டர் நீளம். 17 மீட்டர் உயரும். கட்டத்துக்கு 1 மீட்டர் என்றால் 15 கட்ட உயரத் திரைக்குள் அடங்காது. 2 மீட்டர் வையுங்கள்: நீளம் சுமார் 36 கட்டம், ஏற்றம் எட்டரை. பாலத்தை, கோடோ மோதலையும் அசைவையும் கணக்கிடும் இயற்பியல் கணக்கோடு சேர்த்தே நகர்த்துங்கள். இல்லையென்றால் மேலே நிற்பவன் நடுங்குவான்.

மரியோவின் பெயர், உருவம், இசை வேண்டாம். 2016இல் ரசிகர் வெளியிட்ட 'மெட்ராய்டு 2' மறுஆக்கத்தை, மரியோவுக்கும் சொந்தக்கார நிறுவனமான நின்டெண்டோ இணையத்திலிருந்து நீக்கவைத்தது. நாயகனை நீங்களே வரையுங்கள்.