கீரை ஸ்மூத்தி பச்சை வாடை இல்லாம வீட்டுல எப்படி போடுறது?

பச்சை வாடையால பசங்க குடிக்கலன்னு கேட்டிருக்கீங்க. எல்லாத்தையும் ஒண்ணா போட்டு அடிக்காதீங்க, முதல்ல ஒரு கைப்பிடி பாலக்கீரைய நல்லா கழுவி அரை டம்ளர் தண்ணி ஊத்தி மிக்ஸில தனியா நைசா அரைச்சிட்டு, முந்தின நாளே உரிச்சு வெட்டி ஃப்ரீசர்ல வச்ச ரெண்டு வாழைப்பழம், கொஞ்சம் மாம்பழம் போட்டு திரும்ப ஒரு சுத்து விடுங்க. ஐஸே வேணாம், சென்னை வெயிலுக்கு ஐஸ்க்ரீம் மாதிரி கெட்டியா சூப்பரா இருக்கும். கடைசில அரை மூடி எலுமிச்சை பிழிஞ்சா வாடையும் அடங்கும், அதுல இருக்க வைட்டமின் சி கீரையோட இரும்புச்சத்து உடம்புல சேரவும் உதவும். தயவுசெஞ்சு வடிகட்டாதீங்க, நார்ச்சத்து போயிடும். சர்க்கரையும் வேணாம், கோயம்பேட்டுல நல்லா கனிஞ்ச பழமா பாத்து வாங்குங்க. பாலக்ல ஆக்ஸலேட்ங்கிற, கிட்னி கல் உருவாக காரணமாகுற பொருள் அதிகம், கிட்னில கல் இருக்கவங்க டாக்டர கேட்டுட்டு குடிங்க.