காய்ச்சல் போச்சு, இருமல் மட்டும் ஏன் டாக்டர் போகல?

ஐப்பசி மழை பிடிச்சதுலேருந்து கிளினிக் வாசல்ல இருமல் சத்தம்தான், வர்ற லெட்டர்லயும் அதேதான். போன மாசம் நானே மூணு வாரம் இருமினவ, அதனால இந்தத் தடவை இருமல் கேள்விங்களை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

தீபாவளிக்கு முன்னாடி வீட்ல எல்லாருக்கும் காய்ச்சல், சளி. மத்தவங்களுக்கு சரியாயிடுச்சு, எனக்கு மட்டும் 25 நாளா வறட்டு இருமல். படுத்தா வருது, பேசினா வருது, தாளிச்சா வருது. மெடிக்கல்ல சொல்லி ரெண்டு தடவை ஆன்டிபயாடிக் வாங்கி சாப்பிட்டேன், கேக்கல. டிபியா இருக்குமோன்னு மாமியார் என் தட்டு, டம்ளரைத் தனியா எடுத்து வச்சுட்டாங்க. இன்னொண்ணு, எழுதவே கூச்சமா இருக்கு, பலமா இருமினா ஒண்ணுக்கு கசியுது. எனக்கு வயசு 46.
_வாசகி, பாபநாசம் பக்கம்_

முதல்ல அந்தத் தட்டையும் டம்ளரையும் பழைய இடத்துல வைக்கச் சொல்லுங்கம்மா. டிபியாவே இருந்தாலும் அது பாத்திரத்துல பரவாது, காத்துலதான் பரவும்.

காய்ச்சலைக் கொண்டுவந்த வைரஸ் போய் ரொம்ப நாளாச்சு. போறப்ப மூச்சுக்குழாயோட உள்தோலைப் புண்ணாக்கிட்டுப் போயிருக்கு. கொதிக்கக் கொதிக்க ரசத்தைக் குடிச்சு நாக்கு வெந்துபோச்சுன்னா மறுநாள் மோர்சோறு கூட எரியும்ல, அது மோர்சோத்தோட குத்தமா? அதேதான் இங்கயும், குளிர்காத்து, மிளகா நெடி, சாம்பிராணி, ஏன் சிரிப்பு கூட, சும்மா போற எல்லாத்துக்கும் தொண்டை எகிறிக் குதிக்குது. சளிக்காய்ச்சலுக்கு அப்புறம் வர்ற இருமல் சராசரியா 18 நாள் வரைக்கும் இருக்கும்னு பல ஆராய்ச்சிங்களைச் சேத்துப் பாத்து கணக்கு சொல்லியிருக்காங்க, நாம மனசுக்குள்ள ஒரு வாரம்னு வச்சிருக்கோம், எட்டாம் நாள் மெடிக்கலுக்கு ஓடுறோம், கடைக்காரர் அஞ்சு மாத்திரை குடுக்குறார், கேக்கலைன்னு பதினஞ்சாம் நாள் வேற கலர்ல இன்னொரு அஞ்சு, அப்புறம் இருமல் அது போற நேரத்துக்கு தானா போகுது, பேரு மட்டும் அந்தக் கடைசி மாத்திரைக்கு. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்குத்தான், இந்த இருமலுக்கு அது ஒண்ணும் செய்யாது, வயித்தைத்தான் கெடுக்கும். சில பேருக்கு இது 8 வாரம் வரைக்கும் இழுக்கும். அதையும் தாண்டுச்சுன்னா வேற காரணம் தேடணும்.

அதுக்காக உங்க மாமியார் பேச்சை ஒரேயடியா தள்ளிடவும் முடியாது. இருமல் 2 வாரம் தாண்டினா சளி டெஸ்ட் பண்ணணும், நம்ம நாட்டு காசநோய் திட்டத்துல சொல்றது அதுதான். எனக்கென்னமோ உங்களுக்கு டிபின்னு தோணல, வீடே சேந்து காய்ச்சல்ல படுத்திருக்கீங்க, உடம்பு இளைச்சதா எழுதல, சாயங்காலக் காய்ச்சல்னும் எழுதல. ஆனா 25 நாள் ஆச்சே, ஆரம்ப சுகாதார நிலையத்துல போய் சொல்லுங்க, காசு கிடையாது, சளியே வரலைன்னா எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுவாங்க. நம்ம பக்கத்துப் பெரியவங்களுக்கு டிபின்னா செங்கிப்பட்டி டிபி ஆஸ்பத்திரிதான் கண்ணுக்கு வரும், அங்க போய் மாசக்கணக்கா கிடக்கணும்னு ஒரு பயம். இப்ப பெரும்பாலானவங்க வீட்ல இருந்துக்கிட்டே 6 மாசம் மாத்திரை சாப்பிட்டு குணமாயிடுறாங்க, சத்தான சாப்பாட்டுக்குன்னு மாசம் 1000 ரூபாய் கூட அரசாங்கம் குடுக்குது. இதையும் மாமியாருக்குப் படிச்சுக் காட்டுங்க. சளியில ரத்தம், மூச்சு வாங்குறது, ராத்திரி வேர்த்து துணி நனையுறது, இதுல எது இருந்தாலும் நாள் எண்ணிக்கிட்டு இருக்காம அன்னிக்கே போயிடணும்.

ராத்திரிக்கு நான் செஞ்சதைச் சொல்றேன். ரெண்டு தலகாணி வச்சு கொஞ்சம் தலை தூக்கிப் படுத்தேன். படுக்கப்போறப்ப ஒரு ஸ்பூன் தேன், தண்ணி கலக்காம, மெதுவா நக்கி. சளி மூக்குலேருந்து பின்பக்கமா தொண்டையில இறங்குற மாதிரி இருந்தா, கொதிக்க வச்சு ஆறின தண்ணியில உப்பு போட்டு மூக்கைக் கழுவலாம். இருமல் வர்றதுக்கு முன்னாடி தொண்டையில ஒரு அரிப்பு கிளம்பும் பாருங்க, அந்த இடத்துலதான் பிடிக்கணும், எச்சியை முழுங்கிட்டு வாயை மூடி மூக்கால மெதுவா மூணு நாலு மூச்சு விடுங்க, பத்துல பாதி இருமலாவது அடங்கும், எனக்கு அடங்குச்சு. ஆவி பிடிக்கிறதை நான் யாருக்கும் சொல்றதில்ல, குண்டான் சாஞ்சு தொடையெல்லாம் வெந்துபோன ஒரு பிள்ளையைப் பாத்ததுலேருந்து அதை விட்டுட்டேன்.

கசியுற விஷயம், எழுதினீங்களே அதுவே பெரிசு, பிள்ளை பெத்த நிறைய பேருக்கு இருக்கு, யாரும் வாயைத் தொறக்குறதில்ல. இருமல் வர்றப்ப காலைப் பின்னிக்கிட்டு, ஒண்ணுக்கை அடக்குற மாதிரி கீழ்த்தசையை இறுக்கிக்கிட்டு அப்புறம் இருமுங்க. இருமல் நின்ன பிறகும் கசிஞ்சா லேடி டாக்டர்கிட்ட காட்டுங்க, பயிற்சியிலயே நல்லா குறையும்.

நாதஸ்வரம் வாசிக்கிறவன். ஆவணியில காய்ச்சல், 7 வாரமா இருமல். சீவாளியை (ஊதுற நாணல் பட்டை) வாயில வச்சா பாதி ஆலாபனையில இருமல் வந்துடுது, விடியக்காலம் 3 மணிக்கு நெஞ்சுல பூனைக்குட்டி கத்துற சத்தம். சளி டெஸ்ட், எக்ஸ்ரே ரெண்டும் நார்மல். டாக்டர் இன்ஹேலர் எழுதினார், பழகிட்டா விடவே முடியாதுன்னு எல்லாரும் சொல்றாங்க, வாங்கல. கார்த்திகையில 6 கல்யாணம் ஒத்துக்கிட்டேன்.
_வாசகர், திருவாரூர் பக்கம்_

தம்பி, அந்தப் பூனைக்குட்டிதான் வீசிங். அதுவும் விடியக்காலம் 3 மணின்னா ஆஸ்துமா மாதிரி இருக்கு, உள்ள பதுங்கிக் கிடந்ததை வைரஸ் கிளப்பி விட்டிருக்கலாம். ஒரு மெஷின்ல ஊதச் சொல்லி நுரையீரல் டெஸ்ட் எடுப்பாங்க, ஊதுறதுல உங்களுக்குச் சொல்லித் தரணுமா என்ன, போய் எடுத்துக்குங்க. இன்ஹேலர் போதை மருந்து இல்ல. மாத்திரையில போற அளவுல ரொம்பச் சின்ன பங்குதான் இதுல போகுது, அதுவும் நேரா மூச்சுக்குழாய்க்கே போகுது. உங்களுக்கு எழுதினதுல ஸ்டீராய்டு இருந்தா ஒவ்வொரு தடவையும் வாய் கொப்பளிச்சுத் துப்பிடணும், மறந்தா வாயில வெள்ளையா பூஞ்சை பிடிக்கும். அந்த வகை முழுசா வேலை செய்ய சில நாள், சில பேருக்கு சில வாரம் ஆகும், அதனால முகூர்த்தத்துக்கு முதல் நாள் வாங்கி பிரயோஜனம் இல்ல, இன்னிக்கே வாங்குங்க.

ஒரு சந்தேகம் கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. சீவாளியை ஈரத்தோட டப்பாவுல போட்டு மூடி வைக்கிறீங்களா? இங்கிலாந்துல பேக்பைப் வாசிச்ச ஒருத்தருக்கு வாத்தியத்துக்குள்ள வளந்த பூஞ்சையாலயே நுரையீரல் கெட்டிருக்கலாம்னு 2016ல அங்க டாக்டருங்க எழுதினாங்க. திருவாவடுதுறை சீவாளியா இருந்தாலும் நாணல் நாணல்தான், வாசிச்சு முடிச்சா நல்லா காய விட்டுட்டு உள்ள வைங்க.

61 வயசு. குறுவை அறுப்பப்போ சளி பிடிச்சுது, நெல்லு டிபிசியில (அரசாங்கக் கொள்முதல் நிலையம்) ஒம்போது நாள் கிடந்துச்சு, மழைக்குப் பயந்து அங்கயே தூங்கினேன், சுனையும் தூசியும்தான். ரெண்டு மாசம் ஆச்சு, இருமல் நிக்கல. வேலியில இருக்குற ஆடாதோடையைப் பறிச்சு அதிமதுரம் போட்டு தினமும் ரெண்டு வேளை கஷாயம் குடிக்கிறேன். பிரஷருக்கு மாத்திரை போடுறேன்.
_வாசகர், மன்னார்குடி பக்கம்_

அய்யா, மாத்திரை அட்டையை எடுத்து வெளிச்சத்துல பாருங்க, இல்ல பேரனை விட்டு படிக்கச் சொல்லுங்க. எனலாப்ரில், ராமிப்ரில்னு பேரு 'ப்ரில்'னு முடியுதா? அந்த வகை மாத்திரைக்கு வறட்டு இருமல் தெரிஞ்ச பக்கவிளைவு, ஆரம்பிச்சு பல மாசம் கழிச்சு கூட வரும். நீங்களா நிறுத்திடாதீங்க, பிரஷர் எகிறிடும். எழுதிக் குடுத்தவர்கிட்ட போனா வேற வகைக்கு மாத்தித் தருவார், மாத்தினா பெரும்பாலும் ஒரு மாசத்துக்குள்ள இருமல் அடங்கிடும், சில பேருக்கு மூணு மாசம் ஆகும்.

ஆடாதோடையை நான் குறை சொல்ல மாட்டேன், அதுல இருக்குற வாசிசின்ங்கிற சத்தை வச்சுத்தான் இருமல் சிரப்ல போடுற ப்ரோம்ஹெக்சினையே உண்டாக்கினாங்க. ஆனா அதிமதுரத்தை இன்னிக்கே நிறுத்துங்க, நாள்கணக்கா குடிச்சா பிரஷரை ஏத்தும், பொட்டாசியத்தைக் குறைக்கும். சளி டெஸ்ட்டும் எக்ஸ்ரேயும் உங்களுக்கும் உண்டு, ரெண்டு மாசம் ரொம்ப அதிகம், பீடி பழக்கம் இருந்தா அதையும் டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. அப்புறம், நெல்லுத் தூசிக்கு மூக்கைச் சுத்தித் துண்டு கட்டுற பழக்கம் இருந்தா, அது சுனைக்குக் கொஞ்சம் தாங்கும், நைசான தூசி உள்ளதான் போகும், மெடிக்கல்ல என்95 மாஸ்க் கேளுங்க. பூத்துப்போன வைக்கோலைப் பிரிச்ச அன்னிக்கு சாயங்காலம் குளிர்காய்ச்சலும் நெஞ்சு இறுக்கமும் வருதுன்னா அது தனி நோய், அதையும் குறிச்சு வச்சு சொல்லுங்க.

9 மாசக் குழந்தைக்கு சளி போய் பத்து நாளாச்சு, இன்னும் இருமுது. தேன் குழைச்சுக் குடுக்கலாமா, பெரியவனுக்கு வாங்கின சிரப்புல கால் ஸ்பூன் குடுக்கலாமா?
_வாசகி, மயிலாடுதுறை_

ரெண்டும் வேண்டாம். ஒரு வயசு ஆகாத குழந்தைக்குத் தேனை நாக்குல தொட்டு வைக்கக் கூட கூடாது, அதுல இருக்கக்கூடிய ஒரு கிருமி குழந்தையோட குடல்ல வளந்து உடம்பையே துவளப் போட்டுடும். சிரப்பு, 2 வயசுக்குக் கீழ இருமல் மருந்து குடுக்கக் கூடாதுன்னு 2025 அக்டோபர்ல மத்திய அரசே மறுபடி அறிக்கை விட்டுச்சு, மத்தியப் பிரதேசத்துல கலப்பட சிரப்பால கிட்னி போய் குழந்தைங்க செத்த சமயம் அது. தாய்ப்பாலை அடிக்கடி குடுங்க, மூக்கு அடைச்சிருந்தா உப்புத்தண்ணி சொட்டு மருந்து ரெண்டு சொட்டு விடுங்க, வீட்டுக்குள்ள கொசுவத்தி கொளுத்தாதீங்க. பால் குடிக்க மாட்டேங்குது, மூச்சு வேகமா போகுது, மூச்சு இழுக்குறப்ப விலாவுக்குக் கீழ குழி விழுதுன்னா லெட்டர் எழுதிக்கிட்டு இருக்காதீங்க, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க.