“மூடியைக் கழற்றியது நீதானே” என்கிறார் முதலாளி: நஷ்ட ஈடு கிடைக்குமா?

கேள்வி: டர்பன் ஜேக்கப்ஸ் பகுதியில் ஒரு ஃபர்னிச்சர் தொழிற்சாலையில் என் வீட்டுக்காரர் 11 வருடமாகத் தச்சு வேலை பார்க்கிறார். ஐந்து வாரத்துக்கு முன் வட்ட ரம்பத்தில் பலகை அறுக்கும்போது வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. ரம்பத்துக்கு மேல்மூடி இல்லை. தப்பு இவருடையதுதான் என்று சொல்லும் முதலாளி, 20,000 ரேண்ட் வாங்கிக்கொண்டு “இனி எதுவும் கேட்கமாட்டேன்” என்று கையெழுத்துப் போடச் சொல்கிறார். அவர்மேல் கேஸ் போடலாமா? (சாட்ஸ்வொர்த் வாசகி)

பதில்: சகோதரி, முதலில் அந்தத் தாளில் கையெழுத்து வேண்டாம். ஏற்கெனவே போட்டிருந்தாலும் பயப்படாதீர்கள். சட்டப்படி வரவேண்டிய இழப்பீட்டை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது.

முதலாளிமேல் நேரடியாக நஷ்ட ஈட்டு வழக்குப் போட முடியாது. தென்னாப்பிரிக்காவின் 1993-ஆம் ஆண்டின் 130-ஆம் எண் இழப்பீட்டுச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. அரசியலமைப்பு நீதிமன்றமும் ஜூஸ்ட் என்ற தொழிலாளி முதலாளிமேல் போட்ட வழக்கில் அந்தத் தடை செல்லும் என்றே சொல்லிவிட்டது. அதற்குப் பதிலாகப் பணம் தருவது அரசின் இழப்பீட்டு நிதியம். அங்கே யார் தப்பு என்ற கேள்வி எழுவதே அபூர்வம். முதலாளி சொன்னதை மீறியே வேலை செய்திருந்தாலும், அது முதலாளியின் தொழிலுக்காகச் செய்த வேலை என்றால் அது வேலை விபத்துதான். “என் தப்புதானே” என்று தலைகுனிந்து சும்மா இருந்துவிடும் தொழிலாளர்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. உங்கள் வீட்டுக்காரரும் அப்படி இருந்துவிட வேண்டாம்.

சொல்லப்போனால், மூடி இல்லாதது உங்களுக்குத்தான் சாதகம். வட்ட ரம்பத்துக்குப் பாதுகாப்பு மூடி இருக்கவேண்டும் என்பது இயந்திர விதிகளிலேயே உண்டு. அதைப் பார்த்துக்கொள்வது முதலாளியின் கடமை. மூடி இல்லாமல் வேலை நடப்பது தெரிந்தும் அவர் சரிசெய்யவில்லை என்று காட்டினால், அதே இழப்பீட்டுச் சட்டத்தின் 56-ஆம் பிரிவின் கீழ் கூடுதல் இழப்பீடு கேட்கலாம். விபத்து நடந்து 24 மாதத்துக்குள் விண்ணப்பிக்கவேண்டும். பலர் இந்தப் பிரிவு இருப்பதே தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். அன்று பக்கத்தில் நின்றவர்கள் யார், மூடி எத்தனை மாதமாக இல்லை, யாரிடம் சொன்னார்கள் என்பதை இப்போதே எழுதி வையுங்கள். உடலின் ஒரு பகுதி துண்டிக்கப்பட்ட விபத்தை தொழிலாளர் துறை ஆய்வாளருக்குத் தெரிவிக்கவேண்டும், அவர் அனுமதியில்லாமல் அந்த இடத்தைக் கலைக்கவும் கூடாது. தெரிவித்தார்களா என்று துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

சரி, எவ்வளவு வரும்? வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 75 சதவீதம், ஒரு மேல்வரம்புக்கு உட்பட்டு. முதல் மூன்று மாதம் அதை முதலாளியே கொடுத்துவிட்டு, பிறகு நிதியத்திடம் வாங்கிக்கொள்வார். மருத்துவச் செலவு தனி. நிரந்தர ஊனம் 30 சதவீதம் வரை என்றால் மொத்தத் தொகை, அதற்கு மேல் என்றால் மாத ஓய்வூதியம். இரண்டு விரல் சாதாரணமாக 30-க்குள்தான் அடங்கும். ஆனால் தச்சருக்கு வலது கை எப்படிப்பட்டது! தொழிலின் தன்மையால் பாதிப்பு வழக்கத்தைவிடக் கடுமையாக இருந்தால் கூடுதல் சதவீதம் தரலாம் என்று 49-ஆம் பிரிவு சொல்கிறது. இதை நீங்கள்தான் எழுத்தில் கேட்கவேண்டும். முடிவு திருப்தியில்லை என்றால் 180 நாளுக்குள் ஆட்சேபம் கொடுக்கலாம்.

முதலாளி ஏழு நாளுக்குள் நிதியத்துக்கு அறிக்கை அனுப்பியிருக்கவேண்டும். அந்த டபிள்யூ.சி.எல். 2 படிவத்தின் நகலைக் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் காத்திருக்காமல் டாக்டரின் முதல் அறிக்கையோடு நீங்களே தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். 12 மாதம் தாண்டவிடாதீர்கள். முதலாளி நிதியத்தில் பதிவே செய்யாதவராக இருந்தாலும் உங்கள் உரிமை போகாது.

அப்புறம், இதைக் காரணமாக வைத்து அவரை வேலையிலிருந்து நீக்கினால் 30 நாளுக்குள் வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் சி.சி.எம்.ஏ. அமைப்புக்கோ, ஃபர்னிச்சர் தொழிலுக்கென்று பேரக் கவுன்சில் (bargaining council) இருந்தால் அதற்கோ போகவேண்டும். வேலையில் அடிபட்டவருக்கு வேறு வேலை கொடுக்க முடியுமா என்று பார்க்காமல் வெளியே அனுப்ப முதலாளியால் முடியாது.