வயிற்று வலி என்று சொன்ன பையன்

கேள்வி: நியூஜெர்சி, எடிசனில் இருக்கிறேன். ஐ.டி. வேலை, வயது 43. இரண்டு வருஷமாக அக்டோபரில் பேஸ்பால் ப்ளேஆஃப் (சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கிற) ஆட்டங்களுக்கு மட்டும் ஆப்பில் பந்தயம் கட்டுகிறேன். இங்கே இது சட்டப்படி சரியானதுதான். மூன்று வழிகள் வைத்திருக்கிறேன். முந்தைய ஆட்டத்தில் தோற்ற அணி மேல் கட்டுவது, பணம் போனால் அடுத்ததில் இரட்டிப்பாகக் கட்டுவது, ஜெயிக்காது என்று எல்லோரும் சொல்கிற அணி மேல் கட்டுவது. இதுவரை 9,000 டாலர் போயிருக்கிறது. மனைவிக்குத் தெரியாது. பந்து வீசுகிற பிட்சர்களின் விவரமெல்லாம் என் 11 வயது மகன்தான் நோட்டில் எழுதித் தருவான். 2025 வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் டொரான்டோ மேல் கட்டியிருந்தோம், இன்னும் இரண்டே அவுட் எடுத்தால் வெற்றி என்ற நிலையில் கை நழுவிப் போச்சு. பையன் அழுதுவிட்டான். அம்மா கேட்டதற்கு வயிற்று வலி என்று சமாளித்தான், கெட்டிக்காரன். அவளும் ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தாள். அடுத்த அக்டோபருக்கு இந்த மூன்றில் எதை வைத்துக்கொள்ளலாம்? கையிருப்பில் எத்தனை சதவீதம் கட்டலாம்?
(பெயர் வெளியிட வேண்டாம், எடிசன்)

பதில்: மூன்றுமே வேண்டாம். சதவீதம் பூஜ்யம். கேட்டதற்குப் பதில் இதோடு முடிந்தது. ஆனால் காரணம் சொல்லாமல் விட்டால் இன்னொரு கடிதம் எழுதுவீர்கள், அதனால் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நானும் அக்டோபரில் தூக்கம் கெட்டு பேஸ்பால் பார்க்கிறவள்தான்.

இரண்டு பக்கமும் சமவாய்ப்பு என்று அந்த ஆப்பே சொல்கிற பந்தயத்தில், 100 டாலர் லாபம் பார்க்கப் பெரும்பாலும் 110 டாலர் கட்டச் சொல்வார்கள். நூற்றுக்கு 52.4 தடவை சரியாகச் சொன்னால்தான் கைக்காசு அப்படியே இருக்கும், லாபம் அதற்கு மேல்தான். இரட்டிப்பு வழிக்கு வாருங்கள். 50 டாலரில் ஆரம்பித்து வரிசையாக ஆறு தடவை தோற்றால் 3,150 போயிருக்கும். ஏழாவதாக 3,200 கட்ட வேண்டும். அதில் ஜெயித்தால், முழுசாக ஒன்றுக்கு ஒன்று கொடுத்தாலும், மொத்த லாபம் 50 டாலர். நேற்று தோற்றவன் இன்று ரோஷத்தோடு ஆடுவான் என்பதெல்லாம் சினிமாவில் நடக்கும். இங்கே மறுநாள் பந்து வீச வருகிறவனே வேறு ஆள்.

மூன்றாவது வழியில்தான் கொஞ்சம் சரக்கு இருப்பது போலத் தெரியும். 2022 சீசனில் 111 ஆட்டம் ஜெயித்த டாட்ஜர்ஸ் அணி, 89 ஜெயித்த சான் டியாகோவிடம் ஐந்து ஆட்டத் தொடரில் கவிழ்ந்தது. 2023-ல் அட்லான்டா, பால்டிமோர், டாட்ஜர்ஸ் என நூறைத் தொட்ட மூன்று அணிகளும் அதே சுற்றைத் தாண்டவில்லை. வெறும் 84 ஜெயித்த அரிசோனா வேர்ல்ட் சீரிஸ் வரைக்கும் போனது. பார்த்தீர்களா என்று துள்ளாதீர்கள். இது உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே ஆப் நடத்துகிறவனுக்குத் தெரியும், ஜெயித்தால் தருகிற தொகையிலேயே அதைச் சேர்த்துவிட்டான். தொடர்ந்து ஜெயிக்கிற ஆளைக் கண்டால் கட்டக்கூடிய தொகையை அவன் குறைத்துவிடுவான். உங்களுக்குக் குறைத்தானா? போனஸ்தான் அனுப்பியிருப்பான்.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம்.

அந்த ஏழாவது ஆட்டத்துக்கு முந்தின ராத்திரிதான், டொரான்டோவை எதிர்த்து ஆடிய டாட்ஜர்ஸின் பிட்சர் யமமோட்டோ ஆறு இன்னிங்ஸ், 96 பந்து வீசியிருந்தார். ஆட்டத்தைத் தொடங்கி வீசுகிற ஸ்டார்ட்டர்களுக்கு வழக்கமாக நாலைந்து நாள் ஓய்வு கொடுப்பார்கள். மறுநாளே ஒன்பதாவது இன்னிங்ஸில் வந்து, பதினொன்றாவது வரை நின்று ஆட்டத்தை முடித்தார். ப்ளேஆஃபில் இப்படித்தான் நடக்கும். சீசன் முழுக்கச் சேர்த்த எண்களை ஒரு ராத்திரியில் தூக்கிப் போட்டுவிட்டு, அன்றைக்குக் கை இருக்கிற எவனையும் மேனேஜர் இறக்குவார். உங்கள் பையன் நோட்டில் 'யமமோட்டோ நேற்று வீசிவிட்டார், இன்று வர மாட்டார்' என்று எழுதியிருந்தால் அவன் கணக்கில் தப்பே இல்லை. ஆனால் தப்பு தன்னுடையது இல்லை என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அவன் எதற்கு அழுதான் என்று ஒரு நிமிஷமாவது யோசித்தீர்களா? தனக்குப் பிடித்த அணி தோற்றுப் பிள்ளை அழுதால் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துத் தேற்றலாம். உங்கள் வீட்டில் டொரான்டோ ரசிகர் யாரும் இருப்பதாகக் கடிதத்தில் இல்லை. அவன் அழுதது, தான் எழுதிக் கொடுத்ததை நம்பி அப்பா பணத்தை விட்டுவிட்டார் என்று. 9,000-த்தில் எவ்வளவு தன்னால் போனது என்றும் கூட்டிப் பார்த்திருப்பான். கணக்கில் புலி என்றுதானே அவனை இந்த வேலைக்கு வைத்தீர்கள்?

அந்த அழுகையோடு அம்மாவிடம் பொய்யும் சொல்லியிருக்கிறான். அதற்கு நீங்கள் கொடுத்த பட்டம் கெட்டிக்காரன். அந்தப் பெண் நடுராத்திரியில் எழுந்து, ஓமத்தை வறுத்துத் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து, வடிகட்டி ஆற்றிக் கொண்டுவந்து, இல்லாத வலிக்குக் கொடுத்திருக்கிறாள். அவனும் வாயைத் திறக்காமல் குடித்திருக்கிறான். நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். 9,000 டாலரை விட எனக்கு இதுதான் பொறுக்கவில்லை.

தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் ரகசியம் வைக்கிற உரிமை எந்த அப்பனுக்கும் கிடையாது. பழைய பஞ்சாங்கம் என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் காசு வைத்துச் சீட்டாடுகிறவர்கள்கூடப் பிள்ளைகளைத் திண்ணையிலிருந்து விரட்டிவிட்டுத்தான் கட்டைப் பிரிப்பார்கள். சட்டப்படி சரி என்கிறீர்கள். இந்தப் பந்தயத்தை அனுமதிப்பதற்காக 2018-ல் உச்ச நீதிமன்றம் வரை போய் வழக்கை ஜெயித்ததே உங்கள் நியூஜெர்சிதான், எனக்கும் தெரியும். அதே சட்டம்தான் 21 வயது ஆகாதவர் பந்தயம் கட்டக் கூடாது என்கிறது. நீங்கள் பதினொரு வயதுப் பிள்ளையைக் கணக்குப்பிள்ளையாக வைத்திருக்கிறீர்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்த வாரமே மனைவியிடம் சொல்லுங்கள், முதலில் தனியாக. வாய்க்கணக்கு வேண்டாம், ஆப்பின் ஸ்டேட்மென்ட், கார்டு ஸ்டேட்மென்ட் இரண்டையும் எடுத்து முன்னால் வையுங்கள். அவர் கோபப்படுவார், படட்டும். அப்புறம் பையனை உட்கார வைத்து, அம்மாவுக்கு எதிரில், 'பணம் போனது என்னால், உன் நோட்டால் இல்லை. நீ பொய் சொல்ல வேண்டி வந்ததும் என்னால்தான்' என்று சொல்லுங்கள். 'நாம் இனிமேல் விளையாட வேண்டாம்' என்று அவனையும் கூட்டில் சேர்த்துப் பேசாதீர்கள்.

பந்தயக் கணக்குகளை ஒவ்வொன்றாக மூடினால் போதாது, திறப்பதற்கு ஐந்து நிமிஷம் ஆகாது. மாநிலத்தின் கேமிங் துறையில், என்னை உள்ளே விடாதீர்கள் என்று நாமே எழுதிக் கொடுக்கிற பட்டியல் இருக்கிறது. ஓராண்டுக்கும் கொடுக்கலாம், ஐந்தாண்டுக்கும் கொடுக்கலாம். ஐந்தாண்டுக்கே கொடுங்கள், முடியும்போது பையனுக்கு 16 ஆகியிருக்கும். கை அரித்தால் சூதாட்டப் பழக்கத்துக்கான உதவி எண் 1-800-கேம்ப்ளரைக் கூப்பிடுங்கள், ராத்திரியிலும் எடுப்பார்கள். போன பணம் போனதுதான், அதைத் திரும்ப எடுக்க ஒரு திட்டமும் போடாதீர்கள்.

பேஸ்பாலை நிறுத்தச் சொல்லவில்லை. நோட்டையும் கிழித்துவிடாதீர்கள், அது அவன் உழைப்பு. ஏப்ரலில் சீசன் ஆரம்பித்ததும் மூன்று பேருமாகப் பக்கத்து பிரிட்ஜ்வாட்டரில் சாமர்செட் பேட்ரியட்ஸ் பேஸ்பால் அணியின் ஆட்டத்துக்குப் போங்கள். அவன் ஸ்கோர் கார்டு எழுதட்டும், நீங்கள் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

மனைவியிடம் பேசியபின் என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். எந்த அணி மேல் எவ்வளவு கட்டலாம் என்று கேட்டு இன்னொரு கடிதம் வந்தால் பதில் கிடைக்காது.